அரியலூர் சுண்ணாம்புக்கல்லுக்கு தின் செக்ஷன்: 14 கல்லு அனுப்பி வாங்கின அனுபவம்

நான் ஒரு காலேஜ்ல ஜியாலஜி எடுக்குறேன். எங்க டிபார்ட்மென்ட்ல கல்லு அறுக்குற மெஷின் ரெண்டு வருஷமா ஓடல, பிளேடு வாங்கணும் மோட்டார் பாக்கணும்னு எழுதிக் கொடுத்தது அப்படியே நிக்குது, அதனால எம்எஸ்சி பசங்க புராஜெக்ட்டுக்கு இந்த வருஷம் தின் செக்ஷனை (கல்லை ஒளி ஊடுருவுற அளவுக்கு மெல்லிசா தேச்சு கண்ணாடியில ஒட்டின ஸ்லைடு) வெளியில ஒரு லேப்ல கொடுத்து வாங்கினேன். 14 கல்லு, மொத்தம் 16 ஸ்லைடு. சின்ன ஸ்லைடு ஒண்ணு 600 ரூபா, பெரிய சைஸ் 1,400. எல்லாம் சேத்து 11,200 ஆச்சு, கூரியர் தனி. லேப் பேரை நான் இங்க போடல, மூணே பேர் வேலை பாக்குற சின்ன இடம், குறையும் சொல்லப் போறேன், அதுல ஒண்ணை அவங்களே ஒத்துக்கிட்டு சரி பண்ணிக் கொடுத்தாங்க. எங்க கொடுத்தாலும் என்ன கேட்டு வாங்கணும், வந்ததும் எதை செக் பண்ணணும்ங்கறதுதான் உங்களுக்கு உபயோகப்படும்னு நினைச்சு எழுதுறேன். இப்பவே மார்க் சொல்லிடறேன், 5க்கு 3.5.

சுண்ணாம்புக்கல்லுக்கு ஸ்லைடு எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு முதல்ல ஒரு விஷயம். கிரானைட் மாதிரி இல்ல இது, இதுல என்ன மினரல் இருக்குன்னு தேட வேண்டிய வேலை ரொம்பக் கம்மி, பெரும்பாலும் எல்லாமே கால்சைட்தான், ஆசிட் ரெண்டு சொட்டு விட்டா நுரைச்சுக்கிட்டு அதுவே சொல்லிடும். நாம தேடுறது வேற. சிப்பித் துண்டு, நத்தை ஓடு, பவளத் துண்டு இந்த மாதிரி மணிகளுக்கு நடுவுல என்ன இருக்குங்கறதுதான் கேள்வி. நடுவுல இருக்கறது கடலடிச் சேறா, இல்ல பின்னாடி தண்ணியில இருந்து வளந்த கண்ணாடி மாதிரி கால்சைட்டா? இந்த ஒரு கேள்விக்கு பதில் தெரிஞ்சா அந்தக் கல்லு படிஞ்சப்போ தண்ணி அமைதியா இருந்துச்சா அலை அடிச்சுக்கிட்டு இருந்துச்சான்னு பேச ஆரம்பிக்கலாம். பதில் தெரியாத ஸ்லைடு எவ்வளவு அழகா பாலிஷ் ஆகியிருந்தாலும் எனக்கு பிரயோஜனம் இல்ல.

1962ல ஷெல் கம்பெனியில வேலை பாத்த ராபர்ட் டன்ஹம் இதுக்கு ஒரு வகைப்பாடு போட்டார், இன்னைக்கும் உலகம் முழுக்க அதைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கோம். பசங்களுக்கு நான் பலகாரம் வெச்சுத்தான் சொல்லுவேன், முந்திரி, கடலைன்னா மணி, மாவுன்னா சேறு. கேசரியில முந்திரி கிடக்குற மாதிரி, ஒரு முந்திரி இன்னொண்ணைத் தொடாம மாவுக்குள்ள அங்கொண்ணும் இங்கொண்ணுமா மிதக்குதுன்னா அது வாக்கிஸ்டோன். முந்திரியே 10 சதவீதத்துக்கும் கம்மி, வெறும் மாவுதான்னா மட்ஸ்டோன். கடலை உருண்டையில கடலையும் கடலையும் ஒண்ணையொண்ணு தொட்டுத் தாங்கிக்கிட்டு நிக்குது பாருங்க, அந்த மாதிரி மணிகள் தொட்டுக்கிட்டு இருந்து இடுக்குல மாவு அடைச்சிருந்தா பேக்ஸ்டோன், மாவே இல்லாம வெறும் பாகு மட்டும் இறுகிப் பிடிச்சிருந்தா கிரெயின்ஸ்டோன். அந்தப் பாகுதான் நாங்க ஸ்பார்னு சொல்ற தெளிவான கால்சைட். பவளம், பாசி இதெல்லாம் உயிரோட இருக்கும்போதே ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வளந்து கல்லானா பவுண்ட்ஸ்டோன். பழைய அமைப்பு எதுவுமே தெரியாத அளவுக்கு மறுபடி படிகமாயிட்டா கிரிஸ்டலைன்னு தனியா ஒரு பெட்டி.

இதுக்கு கொஞ்சம் முன்னாடி 1959ல டெக்சாஸ் யுனிவர்சிட்டியில இருந்த ராபர்ட் ஃபோக் இன்னொரு முறை கொண்டு வந்தார், பயோமைக்ரைட், ஊஸ்பாரைட்னு பேரு வரும் பாருங்க, அது. என்ன மணி, நடுவுல மைக்ரைட்டா (அதாவது இறுகின சேறு) ஸ்பாரான்னு ரெண்டையும் சேத்து ஒரே பேரா வெப்பார். ரெண்டும் தேவைன்னுதான் நான் சொல்லுவேன், ஆனா படிவு எப்படி ஆச்சுன்னு யோசிக்க டன்ஹம் முறைதான் கைக்கு வசதி, ஏன்னா பயோமைக்ரைட்னு ஒரே பேருக்குள்ள வாக்கிஸ்டோனும் பேக்ஸ்டோனும் சேந்து வந்துடும், மிதக்குறதும் தொட்டுக்கிட்டு நிக்கிறதும் ஒண்ணு இல்லையே.

சரி, கல்லுக்கு வரேன். 3 கல்லு கல்லக்குடி, 7 கல்லு கல்லங்குறிச்சி, 2 கருடமங்கலம், 2 நின்னியூர். திருச்சி, பெரம்பலூர், அரியலூர் பக்கம் இருக்கறவங்களுக்கு இந்தப் பேரெல்லாம் பஸ் போர்டுலயே தெரியும். இந்தியா கோண்டுவானாங்கற பழைய பெருங்கண்டத்துல இருந்து பிரிஞ்சு வந்த காலத்துல உடைஞ்சு தாழ்ந்த காவிரிப் படுகையில கடல் உள்ள வந்து வந்து போனதோட கணக்கு இந்த ஊர்கள்ல இருக்கு. 1862லயே பிளான்ஃபோர்டுங்கற ஜியாலஜிஸ்ட் இந்த ஏரியாவை மேப் போட்டு உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர்னு பிரிச்சு எழுதிட்டார், அந்தப் பிரிவு இன்னைக்கும் நிக்குது. சிமெண்ட் கம்பெனிங்க தோண்டுற அதே கல்லுதான் நாங்களும் படிக்கிறோம். குவாரிக்குள்ள அனுமதி வாங்கித்தான் போனோம், எங்க பாறை அடுக்கு அசையாம மேல் கீழ் தெரியுற மாதிரி இருந்துச்சோ அங்க மட்டும் சுத்தியல் வெச்சு எடுத்தோம். சாத்தனூர் கல்மரம் மாதிரி பாதுகாக்கப்பட்ட இடத்துல கையே வெக்கக் கூடாது, பசங்களுக்கு இதை பஸ் ஏறும்போதே சொல்லிடுவேன்.

ஆர்டர் கொடுக்குறது சுலபம். வாட்ஸாப்ல கல்லு போட்டோ, சைஸ், எத்தனைன்னு அனுப்பினா விலை சொல்றாங்க, பாதிப் பணம் முன்னாடி. ஒவ்வொரு கல்லையும் பேப்பர்ல சுத்தி நம்பர் எழுதி, மார்க்கர்ல மேல் பக்கம் எதுன்னு அம்புக்குறியும் போட்டு அனுப்பினேன். மூணு வாரம்னு சொன்னாங்க, நாலரை வாரம் ஆச்சு. லேட்டானதுல எனக்கு வருத்தம் இல்ல, முன்கூட்டியே போன் பண்ணிச் சொன்னாங்க. பேக்கிங் ரொம்ப அருமை, பிளாஸ்டிக் பாக்ஸ்ல ஒவ்வொண்ணும் தனித்தனி காடியில நிக்க வெச்சு ஸ்பாஞ்ச் வெச்சு, ஒரு ஸ்லைடு கூட உடையல. அறுத்து மிஞ்சின துண்டையும் 13 கல்லுக்கு திருப்பி அனுப்பினாங்க, இதை எல்லா இடத்துலயும் செய்யறதில்ல, நீங்க கேட்டு வாங்குங்க, துண்டுதான் பின்னாடி பெரிய உதவி.

ஸ்லைடு வந்ததும் முதல்ல நான் செக் பண்றது கனம். 30 மைக்ரான் இருக்கணும், அதாவது 0.03 மில்லிமீட்டர். சாதாரணமா குவார்ட்ஸ் கலரை வெச்சு கண்டுபிடிப்போம், கிராஸ்ட் போலரைசர்ல (மைக்ராஸ்கோப்ல ஒளியை வடிகட்டுற ரெண்டு தகட்டைக் குறுக்கா வெச்சுப் பாக்குறது) சாம்பலும் வெள்ளையுமா இருந்தா சரி, வைக்கோல் மஞ்சளாச்சுன்னா கனம் ஜாஸ்தி. சுத்தமான சுண்ணாம்புக்கல்லுல குவார்ட்ஸ் இருக்காது, கால்சைட் கலரை வெச்சு கண்டுபிடிக்கவும் முடியாது, அது 30லயும் 45லயும் ஒரே மாதிரி வெளிறின முத்து நிறம்தான் காட்டும். இங்க நமக்கு ஒரு அதிர்ஷ்டம், கல்லங்குறிச்சி படிவோட அடிப்பகுதியில மணல் கலந்திருக்கும். அந்த ரெண்டு கல்லோட ஸ்லைடுல மணல் துளி எல்லாம் அழகா சாம்பல் நிறம், ஓரத்துல கூட மஞ்சள் இல்ல. கருடமங்கலம் கல்லுலயும் அப்படித்தான், அந்தக் காலத்துல மெருகேத்தி அலங்காரக் கல்லா போட்டு திருச்சிராப்பள்ளி மார்பிள்னு பேரு வாங்கின சிப்பிக்கல்லு அது.

ஆனா நின்னியூர் கல்லு ரெண்டும் கனமா வந்திருந்துச்சு. மணல் இல்லாத கல்லு, அரைக்கிறவருக்கு அளவு தெரியல போல. எப்படித் தெரியும்னா சேறு இருக்குற இடம் முழுக்க காப்பி டிகாக்ஷன் மாதிரி இருட்டா இருந்துச்சு. மைக்ரைட் படிகம் ஒவ்வொண்ணும் 1ல இருந்து 4 மைக்ரான்தான், 30 மைக்ரான் கனத்துக்குள்ளயே குறைஞ்சது ஏழெட்டு படிகம் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி நிக்கும், கனம் கூடினா இன்னும் மோசம், வெளிச்சம் கீழ இருந்து மேல வரவே வராது. அந்த இருட்டுக்குள்ள சின்னச் சின்ன சேத்து உருண்டை இருந்தா தெரியாது, பேக்ஸ்டோனை மட்ஸ்டோன்னு எழுதிடுவோம். நின்னியூர் கல்லு சாதாரணக் கல்லும் இல்ல, டைனோசர் காலம் முடிஞ்சு உடனே வந்த டேனியன் கடல்ல படிஞ்சது, 1936ல எல். ராமராவும் ஜூலியஸ் பியாவும் அதுல இருந்த பாசிகளைப் பத்தி எழுதினாங்க, அந்தப் பாசியைப் பாக்கணும்னுதான் ஒரு பையன் அந்த டாபிக்கையே எடுத்தான். போன் பண்ணிச் சொன்னேன், அந்த அண்ணன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசல, "திருப்பி அனுப்புங்க மேடம், இன்னும் ரெண்டு சுத்து தேச்சுத் தரேன், காசு வேணாம்"னுட்டார். கல்லு மேல மூடி ஒட்டுற கவர் கிளாஸ் இல்லாம வாங்கியிருந்ததால இது முடிஞ்சுது. பத்து நாள்ல 20, 25 மைக்ரானுக்கு இறக்கி அனுப்பினார், இப்ப பாசி துண்டோட அறைங்க வரிசையா தெரியுது, அந்தப் பையன் அன்னைக்கு முழுக்க மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திரிக்கவே இல்ல.

அதனால முதல் அறிவுரை, கவர் கிளாஸ் வேணாம்னு ஆர்டர்லயே எழுதிடுங்க. திருப்பித் தேய்க்கறதுக்கு மட்டும் இல்ல, சாயம் போடறதுக்கும். அலிசரின் ரெட் எஸ் சாயத்தை லேசான ஹைட்ரோக்ளோரிக் ஆசிட்ல கரைச்சு ஸ்லைடு மேல விட்டா கால்சைட் ரோஸ் சிவப்பா மாறும், மெக்னீசியமும் கலந்த கார்பனேட் மினரலான டோலோமைட் நிறமே மாறாது. கூட பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு சேத்தா இரும்புச்சத்து இருக்குற கால்சைட் ஊதாவா வரும். லேப்லயே சாயம் போட ஸ்லைடுக்கு 150 கூட கேட்டாங்க, நான் நாலே ஸ்லைடுக்கு பணம் கொடுக்காம இங்கயே பசங்களை வெச்சுப் போட்டேன், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கிட்டு ஜன்னல் திறந்து வெச்சு செஞ்சா ஒரு மணி நேர வேலை. ஒரு கல்லங்குறிச்சி ஸ்லைடுல சிப்பி ஓடு சிவப்பு, இடுக்குல இருந்த ஸ்பார் ஓரத்துல சிவப்பு, நடுவுல போகப் போக ஊதா. முதல்ல வளந்த சிமெண்ட் (மணிகளை ஒட்டிப் பிடிக்கிற ஸ்பாரை நாங்க இப்படியும் சொல்லுவோம்) ஒரு தண்ணியில, ஆழமா புதைஞ்சப்புறம் வளந்தது ஆக்சிஜன் இல்லாத வேற தண்ணியிலன்னு அந்த நிறமே எழுதி வெச்ச மாதிரி இருந்துச்சு.

இப்ப கல்லக்குடி ஸ்லைடு. இதுக்காகவே அந்த லேப்புக்கு மறுபடி கொடுப்பேன். 1953ல ரயில்வே ஸ்டேஷன் பேருக்காக போராட்டம் நடந்த அதே ஊரு, பேரு கல்லக்குடியா திரும்பினாலும் ஜியாலஜியில அந்தப் படிவுக்கு இன்னும் டால்மியாபுரம்னுதான் பேரு. 10 கோடி வருஷத்துக்கும் மேல ஆன ஆல்பியன் காலத்துக் கல்லு, பவளமும் சிவப்புப் பாசியும் சேந்து கட்டின திட்டு. கையில வெச்சுப் பாத்தா சாம்பல் கலந்த வெள்ளைக் கல்லு, ஒண்ணும் தெரியாது. ஸ்லைடுல பாசி, மல்லிகைப்பூ சரத்தை மேல மேல சுத்தி வெச்ச மாதிரி பவளத்து மேல படிஞ்சு படிஞ்சு வளந்திருக்கு, ஒவ்வொரு சுத்துலயும் பொடிப் பொடி செல்லு வரிசை தெளிவா எண்ணலாம். அந்த செல்லு சுவர் ஓரத்துல ஒரு கீறல் கூட இல்லாம தேச்சிருக்காங்க, நல்ல கை அது. பாசிக்கு வெயில் வேணும், அதனால ஆழம் இல்லாத கடல்னு தெரியுது, உடைஞ்சு உருண்டு வராம இருந்த இடத்துலயே ஒட்டி வளந்திருக்குன்னு தெரியுது, பவுண்ட்ஸ்டோன்னு எழுத வேற ஆதாரம் தேவையில்ல. மூணாவது கல்லு அதே குவாரியில கொஞ்சம் தள்ளி எடுத்தது, அதுல அதே பவளமும் பாசியும் துண்டு துண்டா உடைஞ்சு கிடக்குது, திட்டோட ஓரத்துல அலை உடைச்சுப் போட்ட குப்பை. ரெண்டு ஸ்லைடையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினா ஒரு மணி நேரம் கிளாஸ் எடுக்கறதை விட சீக்கிரம் புரியுது.

கல்லங்குறிச்சியில என் தப்பும் கொஞ்சம் உண்டு. சுமார் 7 கோடி வருஷத்துக்கு முந்தின மாஸ்ட்ரிக்டியன் கடலோட சிப்பிப் படுகை அது, உள்ளங்கை அகலத்துக்கு தடிமனான கிரைஃபியா சிப்பி ஒண்ணு மேல ஒண்ணா குமிஞ்சு கிடக்கும், வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பையே இங்க இருந்து எடுத்துடலாம் போல இருக்கும். இந்தக் கல்லை சாதாரண சின்ன ஸ்லைடுக்கு அனுப்பினேன், 46க்கு 27 மில்லிமீட்டர் கண்ணாடி. வந்து பாத்தா ஒரு ஸ்லைடு முழுக்க ஒரே சிப்பியோட ஓடு! கல்லுக்கு பேரு வெக்கணும்னா சிப்பிக்கும் சிப்பிக்கும் நடுவுல என்னன்னு தெரியணும், இங்க நடுவே இல்ல. லேப்காரங்களும் அறுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கல்லைப் பாத்தாலே தெரியும், தினமும் அறுக்குறவங்களுக்கு இன்னும் நல்லாத் தெரியும். அப்புறம்தான் மிச்சத் துண்டுல இருந்து 75க்கு 50 மில்லிமீட்டர் பெரிய ஸ்லைடு ரெண்டு கேட்டு வாங்கினேன்.

பெரிய மணி இருக்குற கல்லுக்கு டன்ஹம் பேரு மட்டும் போதாது. 1971ல எம்ப்ரியும் க்ளோவனும் கனடாவோட ஆர்க்டிக் பக்கத்துல டெவோனியன்ங்கற பழைய காலத்துப் பவளத்திட்டைப் பாத்து இதைக் கூட்டினாங்க, 2 மில்லிமீட்டரை விடப் பெரிய துண்டு 10 சதவீதத்துக்கு மேல இருந்து சேத்துல மிதந்தா ஃப்ளோட்ஸ்டோன், ஒண்ணையொண்ணு தாங்கி நின்னா ரட்ஸ்டோன். எங்க சிப்பிக் கல்லு பெரிய ஸ்லைடுல பாத்தா ரட்ஸ்டோன், இடுக்குல இருக்கறது பொடி சிப்பித் துண்டும் பிரையோசோவாவும் (சின்னச் சின்ன அறையில கூட்டமா வாழுற கடல் உயிரி) கலந்த பேக்ஸ்டோன். இதை ஸ்லைடு மட்டும் வெச்சு எழுத முடியாது, மிச்சத் துண்டை 1000 நம்பர் கார்போரண்டம் பொடியில தேச்சு தண்ணி தடவி 10 மடங்கு லென்ஸ்ல பாத்துத்தான் முடிவு பண்ணோம். சிப்பிக்கல்லு அனுப்புறவங்க நேரா பெரிய சைஸ் வாங்குங்க, 600 ரூபா மிச்சம் ஆகும்.

அந்த சின்ன ஸ்லைடு சும்மா போகல, அதையும் சொல்லணும். சிப்பி ஓட்டுக்குள்ள ஒரு பகுதி தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறையா இருந்துச்சு, ஒரு பொண்ணு பாத்துட்டு பிரையோசோவான்னு எழுதிட்டா. நானும் ஒரு நிமிஷம் நின்னு பாத்தேன். அறைங்க எல்லாம் ஓட்டோட படலத்துக்குள்ளயே அடங்கியிருக்கு, மேலயும் கீழயும் இலை இலையா அடுக்கின சிப்பிப் படலம் ஓடுது. பிக்னோடாண்டேங்கற சிப்பிக் குடும்பத்தோட ஓடே அப்படித்தான், குமிழ் குமிழா வளரும். அதே ஓட்டோட வெளிப்பக்கம் உருண்டையா ஓட்டைங்க, ஓட்டைக்குள்ள சேறு. சிப்பி செத்து ஓடு கடலடியில மூடாம கிடந்தப்போ கடற்பஞ்சு துளைச்ச ஓட்டை. ஒரு ஓட்டுல இவ்வளவு துளை விழணும்னா அது மேல மண்ணு வந்து மூட ரொம்ப காலம் ஆகியிருக்கணும், அதாவது அந்தக் கடலுக்கு ஆறு கொண்டு வந்த மண்ணு கம்மி. ஒரு ஓட்டைக்குள்ள இருந்து இவ்வளவு தூரம் பேச முடியுது.

இப்ப பெரிய குறை. கல்லங்குறிச்சி 5ஆம் நம்பர் கல்லுல நான் போட்ட அம்புக்குறி ஸ்லைடுல வரல. மத்த எல்லாத்துலயும் கண்ணாடி ஓரத்துல வைர முனையால கீறி குறி போட்டிருந்தாங்க, இதுல மட்டும் இல்ல, மிச்சத் துண்டு திரும்பி வராததும் இதே கல்லுதான். கேட்டப்போ கழுவும்போது மார்க்கர் மை போயிருக்கும்னு சொன்னாங்க, துண்டைத் தேடிப் பாத்துட்டு கிடைக்கலன்னாங்க, மன்னிப்பும் கேட்டாங்க. அவங்க நல்லவங்கதான், ஆனா எனக்கு மனசு கேக்கல. ஏன்னா அந்தக் கல்லுல மெல்லிசு ஓடுங்க எல்லாம் ஒரே பக்கமா கவிழ்ந்து கிடக்கு. அகல் விளக்கு மாதிரி குழிவு மேல பாத்துக் கிடந்தா அமைதியான தண்ணியில மெல்ல இறங்கிப் படிஞ்சது, கவுத்துப் போட்ட கிண்ணம் மாதிரி கிடந்தா தண்ணி ஓட்டம் புரட்டிப் போட்டது. மேல் எது கீழ் எதுன்னு தெரியாம ரெண்டுல எதையும் எழுத முடியாது. அந்த இடத்துக்கு மறுபடி போய் எடுக்கலாம்னா குவாரியில படி மாதிரி வெட்டி விட்டிருந்த அந்த பெஞ்சையே தோண்டி எடுத்துட்டாங்க.

ஒரு வாரம் அந்த ஸ்லைடு பாக்ஸ்லயே கிடந்துச்சு. அப்புறம் அதே பொண்ணு, பிரையோசோவான்னு எழுதினவ, 4 மடங்கு லென்ஸ்ல ஓரத்துல இருந்து வரிசையா ஓட்டிக்கிட்டே வந்து என்னைக் கூப்பிட்டா. ஒரு மூலையில பட்டாணி அளவு கூட இல்லாத பிராக்கியோபாடு (சிப்பி மாதிரி ரெண்டு ஓடு இருக்குற வேற கடல் உயிரி) ஒண்ணு, ரெண்டு ஓடும் மூடின மாதிரியே இருக்கு. உள்ள பாதி வரைக்கும் சாம்பல் சேறு, மீதி பாதி பளிங்கு மாதிரி ஸ்பார், நடுவுல கோடு போட்ட மாதிரி நேரா ஒரு எல்லை. செத்த ஓட்டுக்குள்ள சேறு பாதிதான் வந்திருக்கு, வந்த சேறு அடியில தங்கியிருக்கு, மேல காலியா இருந்த இடத்துல பின்னாடி கால்சைட் வளந்திருக்கு. கொத்தனார் வெக்கிற ரசமட்டம் மாதிரி அது, சேறு இருக்கற பக்கம் கீழ, ஸ்பார் இருக்கற பக்கம் மேல. ஜியோபீட்டல்னு பேரு சொல்லிக் கொடுத்திருக்கேன், படம் போட்டும் காட்டியிருக்கேன், ஆனா அவ அதைத் தேவைக்குத் தேடிக் கண்டுபிடிச்சா. ஒண்ணை மட்டும் நம்பக் கூடாது, சேறு இறங்கினப்புறம் ஓடு உருண்டிருக்கலாம்னு சொன்னேன், இன்னும் ரெண்டு மணி நேரத்துல ரெண்டாவது ஒண்ணும் கிடைச்சுது, சின்ன நத்தைக்குள்ள, கோடு அதே பக்கம்தான் பாக்குது. ஸ்லைடைத் திருப்பி வெச்சுப் பாத்தோம். ஓடுங்க எல்லாம் கவுத்துப் போட்ட கிண்ணம். அந்த இடத்துல தண்ணி ஓடியிருக்கு.

ஆனா இடுக்குல சேறு இருக்கேன்னு ஒரு பையன் கேட்டான், நல்ல கேள்வி. ஓட்டம் இருந்தா சேத்தை அடிச்சுட்டுப் போயிருக்கணும் இல்லையா. இங்கதான் பேரு வெச்சதும் படிவு முடிஞ்சுதுன்னு நினைக்கக் கூடாதுன்னு நான் அடிச்சு அடிச்சு சொல்றது. பேக்ஸ்டோன்னா பாதி அமைதி பாதி அலைன்னு மனப்பாடமா எழுதறாங்க. புயல் ஒருநாள் வந்து ஓட்டைப் புரட்டிப் போட்டுட்டுப் போயிருக்கலாம், அமைதியானப்புறம் சேறு மெல்ல இறங்கி இடுக்குக்குள்ள போயிருக்கலாம், புழு பூச்சி துளைச்சு மேல இருந்த சேத்தைக் கீழ கொண்டு போயிருக்கலாம். இந்த ஸ்லைடுல ஓட்டுக்கு அடியில நிழல் மாதிரி சின்னச் சின்ன காலி இடம் ஸ்பாரால நிறைஞ்சிருக்கு, ஓடு குடை பிடிச்ச மாதிரி மேல இருந்து வந்த சேத்தைத் தடுத்திருக்கு. அப்போ சேறு பின்னாடிதான் மேல இருந்து வந்துச்சு. புயல் புரட்டிப் போட்ட சிப்பி, அப்புறம் இறங்கின சேறுன்னு எழுதினோம்.

ரெண்டாவது குறை சின்னது. நீல நிற ரெசின் ஏத்தித் தரலை, கேட்டா அந்த வசதி இல்லன்னாங்க. தேய்க்கும்போது கல்லுல இருந்து மணி பிடுங்கிக்கிட்டு போனா அந்தப் பள்ளமும் கல்லோட இயற்கையான ஓட்டையும் ஒரே மாதிரி தெரியும். அறுக்கறதுக்கு முன்னாடியே நீல ரெசினை உள்ள ஏத்தினா இயற்கை ஓட்டை நீலமா நிக்கும், பிடுங்கின பள்ளம் நிறம் இல்லாம நிக்கும். எங்க கல்லு கெட்டியான கல்லு, அதனால சமாளிச்சோம். ஓட்டை உள்ள கல்லை ஆராய்ச்சிக்கு அனுப்புறவங்க இது இல்லாத இடத்துல கொடுக்காதீங்க.

இன்னொரு விஷயம், இது லேப் குறை இல்ல, ஆனா ஸ்லைடு தரம் சரியா இருந்தாத்தான் பிடிபடும். ஸ்பார் மாதிரி தெரியறதெல்லாம் ஸ்பார் இல்ல. சேறு பல லட்சம் வருஷத்துல மறுபடி படிகமாகி பெருசாகிட்டா அதுவும் தெளிவா தெரியும், அதை சிமெண்ட்னு நினைச்சு கிரெயின்ஸ்டோன்னு எழுதினா அமைதிக் கடலை அலைக்கடலா மாத்திடுவோம். உண்மையான சிமெண்ட்ல படிகம் மணியோட ஓரத்துல பொடியா ஆரம்பிச்சு இடுக்கோட நடுவுக்குப் போகப் போக பெருசாகும், எல்லைக்கோடு நேரா இருக்கும். சேறு மாறினதுல அந்த ஒழுங்கு இருக்காது, அங்கங்க பழைய சேத்துத் திட்டு அழுக்கா மிஞ்சி நிக்கும், மணி ஓரத்தையே தின்ன மாதிரி இருக்கும். 7 கல்லங்குறிச்சி கல்லுல ஒண்ணுக்கு நாங்க முதல்ல வெச்ச பேரை இப்படித்தான் மாத்தினோம்.

பணம் கம்மியா இருக்குற டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு மாத்து வழியும் இருக்கு, அசிடேட் பீல். கல்லை நல்லா தேச்சு, லேசான ஆசிட்ல சில நொடி அரிக்க விட்டு, கழுவி காய வெச்சு, அசிடோன் ஊத்தி மெல்லிசு அசிடேட் ஷீட்டை மெதுவா படிய விட்டு, காஞ்சதும் உரிச்சா கல்லோட மேற்பரப்பு அப்படியே ஷீட்ல பதிஞ்சு வரும். போலரைசர்ல நிறம் பாக்க முடியாது, ஆனா தொட்டுக்கிட்டு நிக்குதா மிதக்குதா, சேறா பாகான்னு பாக்க தாராளமா போதும், கை அகலக் கல்லு முழுக்கவும் எடுக்கலாம். முதல்ல பீல் எடுத்துப் பாத்துட்டு எந்தக் கல்லுக்கு காசு செலவழிச்சு ஸ்லைடு வேணும்னு முடிவு பண்ணா எங்களுக்கு 14க்கு பதிலா 9 போதுமா இருந்திருக்கும்.

19ஆம் நூற்றாண்டு நடுவுல ஷெஃபீல்டுல ஹென்றி கிளிஃப்டன் சார்பி கையாலேயே கல்லை ஒளி ஊடுருவுற அளவுக்குத் தேச்சு மைக்ராஸ்கோப்ல வெச்சப்போ மலையை மைக்ராஸ்கோப்ல பாக்குறதான்னு நிறைய பேர் ஏத்துக்கல. அவரே 1879ல லண்டன் ஜியாலஜிக்கல் சொசைட்டியில தலைவரா நின்னு சுண்ணாம்புக்கல்லு எப்படி உருவாச்சுன்னு இந்த ஸ்லைடுகளை வெச்சே பேசினார். அந்த லேப்ல தேய்க்குற அண்ணன் 22 வருஷமா இதே வேலை பாக்குறாராம், விரல் நுனியில ரேகை தெரியாதுன்னு சொன்னார். கல்லக்குடி ஸ்லைடோட போட்டோவை அவருக்கு அனுப்பி இதுல நீங்க தேச்ச பாசி இதுதான், இவ்வளவு வயசுன்னு எழுதினேன். இத்தனை வருஷத்துல நான் தேச்சதை எனக்கு யாரும் காட்டினதில்ல மேடம்னு பதில் வந்துச்சு.

அடுத்த லாட் ஜனவரியில போகுது, 9 கல்லு, அதுல 4 பெரிய சைஸ். இந்த தடவை அம்புக்குறியை மார்க்கர்ல போடப் போறதில்ல, ஹேக்ஸா பிளேடு வெச்சு கல்லுலயே காடி வெட்டி, அதோட போட்டோவையும் கூட அனுப்பப் போறேன். கவர் கிளாஸ் வேணாம், மிச்சத் துண்டு எல்லாம் திரும்பி வரணும், மணல் இல்லாத கல்லு எதெதுன்னு தனியா சிவப்பு பேனாவுல எழுதணும், அதோட ஒரு துண்டு கிரானைட்டையும் அதே கண்ணாடியில பக்கத்துல ஒட்டித் தேச்சா அதோட குவார்ட்ஸை வெச்சு கனம் பாத்துக்கலாம்னு அந்த அண்ணன்கிட்ட பேசியிருக்கேன், செஞ்சு பாக்கலாம்னு சொல்லியிருக்கார்.